ஒன்றரை மில்லிமீட்டர்

என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லேசர் கட்டிங் கடையில் டிசைன் போடுகிறவள் நான். முதலாளி தாஜுதீன் பாயே என்னிடம் யோசித்துத்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட என்னிடம், நான் செய்த பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு பெண், "இதுல ஒண்ணுமே புரியலைக்கா" என்றால் எப்படி இருக்கும்?

அவள் பெயர் தேவதர்ஷினி. காட்டூர்க்காரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. பரீட்சை எழுதித் தேறி, ஸ்ரீரங்கத்தில் கிழக்குச் சித்திரை வீதியில் ஒரு பேங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா நல்லுசாமி, காட்டூரில் அரிசிக்கடை வைத்திருப்பவர், தினமும் கடையைப் பூட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்து பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டிவருவார். தனியாகப் போகிறேன் என்று அவள் சொல்வதும், கூடாது என்று அவர் சொல்வதுமாக வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்களாம். விரலால் தடவிப் படிக்கிற மாதிரி தெரு வரைபடம் ஒன்று செய்துகொள்வது. அதில் வழியைப் பழகிக்கொண்டால் திங்கள்கிழமையிலிருந்து தனியாகப் போகலாம், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும்.

"கோடு ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கணும்க்கா. எங்க ஸ்கூல்ல அப்படித்தான் செய்வாங்க" என்று முதல்நாளே சொல்லியிருந்தாள்.

நானும் ஆசை ஆசையாக வரைந்தேன். ஸ்ரீரங்கம் கோயிலின் மதில்கள், மதில்களுக்கு நடுவே ஓடும் ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு பக்கமும் கோடு, கோபுரங்களுக்கு அடுக்கு, கலசம் எதையும் விடவில்லை. திரையில் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. சுற்றியிருக்கிற அக்ரிலிக் தகட்டை லேசர் சுரண்டி எடுத்துவிடும், கோடு மட்டும் மேடாக நிற்கும்.

இப்போது அந்தப் பலகையின் மேல் அவள் விரல் போவதும் வருவதுமாக இருந்தது. முகம் சுண்டிப் போய்விட்டது.

"சொரசொரன்னு இருக்குக்கா. எது கோடு, எது தெருன்னு தெரியலை. அங்கங்க பொடிஞ்சு போயிருக்கு."

"சொன்னேன்ல?" என்றார் நல்லுசாமி. குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "போதும் பாப்பா. திங்கக்கிழமை லெட்டர் குடுத்துட்டு வந்துடலாம்."

"அதெப்படிங்க ஐயா தெரியாம போகும்? ஒன்றரைதான் போட்டிருக்கேன். வாங்க, காட்டறேன்" என்று படபடவென்று ஃபைலைத் திறந்தேன். மேலே இருக்கிற அளவுகோல் மில்லிமீட்டர். பலகையின் நீளமும் அகலமும் மில்லிமீட்டர். கோட்டைச் சொடுக்கி அதன் கனத்தைக் காட்டினேன். ஒன்றரை. பக்கத்திலேயே, பூச்சி மாதிரி சின்ன எழுத்தில், பாயிண்ட் என்று இருந்தது.

அய்யோ! இந்த மென்பொருளில் நீளத்துக்கு ஒரு அலகு, கோட்டின் கனத்துக்குத் தனியாக இன்னொரு அலகு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. ஒன்றரை பாயிண்ட் என்றால் அரை மில்லிமீட்டர்தான் தேறும். கல்யாண போர்டும் கடை போர்டும் கண்ணால் பார்த்துச் சரிசெய்தே பழகிய எனக்கு அது உறைக்கவே இல்லை.

"என் தப்பும்மா" என்றேன். தாஜுதீன் பாய் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க, மாத்திடறேன்."

கனத்தின் அலகை மில்லிமீட்டர் ஆக்கி, மறுபடி ஒன்றரை என்று அடித்தேன். அவ்வளவுதான், கோடெல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வீதி எங்கே, மதில் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பலகையைப் பெரிதாக்கலாம் என்றால் அவள் மடியில் வைக்கிற அளவுக்குமேல் ஆகாது. எதையாவது அழிக்க வேண்டும். எதை?

"கோபுரம் வேணுமா தர்ஷினி?"

"கோபுரத்தை நான் எங்கக்கா பாக்கப் போறேன்? உள்ள நுழைஞ்சா காத்து ஜில்லுனு மாறும், அது போதும். அந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க."

அடுக்கும் கலசமும் போயின. வீதிக்கு இரண்டு கோடு எதற்கு, நடக்கிற தடத்துக்கு ஒரே கோடு போதும் என்றாள். மதில்களும் போயின. நடுவில் இருந்த சன்னதிக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"அம்மாடி, பெருமாளையே எடுக்கச் சொல்றியே!"

"பெருமாள் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்க்கா. பேங்க்தான் தெரியாது" என்றாள். தாஜுதீன் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை.

மிஞ்சியது பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு தடித்த கோடு, அதில் புள்ளிகள், இரண்டு திருப்பம், முடிவில் ஒரு சதுரம். நான் வரைந்ததிலேயே மொட்டையான படம் அதுதான். மெஷினிலிருந்து எடுத்து, துடைத்து, சூடு ஆறுமுன்பே அவள் கையில் கொடுத்தேன்.

விரல் நிற்காமல் போயிற்று. "இது ராஜகோபுரம். இது அடுத்த கோபுரம். இங்க தெற்குச் சித்திரை வீதி, வலது பக்கம் திரும்பணும். மூலை. இடது பக்கம். பேங்க்." இன்னொரு தடவை. அதற்கடுத்த தடவை உதடுகூட அசையவில்லை, சிரிப்புதான் இருந்தது.

நல்லுசாமி பலகையை வாங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவினார். முதல் திருப்பத்திலேயே விரல் கோட்டை விட்டு வெளியே போய் எங்கெங்கோ அலைந்தது.

"இங்கப்பா" என்று அவர் விரலைப் பிடித்து, கோட்டில் கொண்டுவந்து வைத்து, சதுரம் வரைக்கும் கூட்டிப்போனாள் மகள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் ஈரமாகிவிட்டது. நான் பாட்டுக்கு மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லுசாமி, "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடும்மா" என்றார்.

"எதுக்குங்க? கீழ போட்டாலும் இது உடையாது."

"அவளுக்கு இல்ல, எனக்கு. பஸ்ஸ விட்டு இறங்கினதும் போன் பண்ணச் சொல்றேன். அதுக்கப்புறம் கடையில உக்காந்து இதைத் தடவிக்கிட்டே இருப்பேன். இந்நேரம் கோபுரம் தாண்டியிருப்பா, இந்நேரம் மூலைக்கு வந்திருப்பான்னு."

நான் இன்னொரு தகட்டை மெஷினில் வைத்தேன். தேவதர்ஷினி அப்பாவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா தடவுங்கப்பா. எனக்கு முன்னாடி நீங்க பேங்குக்குப் போயிடாதீங்க."