நெட்டூரணியின் கடைசி ஆள்

நெட்டூரணியில் வரிசை என்றால் அதற்குக் கடைசி ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கூட்டம். கூட்டத்துக்குத் தாலுகா ஆபீஸ் ஜன்னல் திறக்காது. கடைசியாக நிற்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராததால், சம்பளம் கொடுத்து இருதயராஜை நிறுத்தியிருந்தார்கள்.

பதினான்கு வருடமாக அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. யாராவது வந்து "கடைசி யாருங்க?" என்றால், "நாந்தான்" என்று சொல்லி வந்தவரை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொள்வார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி, வீடு திரும்பக் கடைசி பஸ். பாவம், வடை மிஞ்சிய பந்தியை அவர் பார்த்ததே இல்லை.

இப்போது மகள் செலினுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அப்பாவே ஜன்னலுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்.கே.ஜி.யில் சேர்த்தபோதே பள்ளிக்கூடத்தில் கேட்ட சான்றிதழ்தான். இதோ தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். லீவு போடவும் வழியில்லை. அவர் இல்லாவிட்டால் வரிசை ஏது, ஜன்னல் ஏது?

மணி நாலரை ஆனது. அவருக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். இரண்டு பேர் போனால் மூன்று பேர் வந்தார்கள். இருதயராஜ் தன் குடையையும் மடக்கு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எம்பொண்ணு படிப்பு போச்சே" என்றார்.

அது வாய் வழியாக வரிசையில் ஏறி, ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் அமுதவல்லியிடம் போய்ச் சேர்ந்தது.

"அண்ணன் கடைசி எடத்த விட்டு இங்க வரக் கூடாது. நாம போயிடலாம்" என்றாள் அவள்.

பியூன் ஒரு பக்கம் பிடிக்க, ஜன்னலைக் கம்பியோடு கழற்றிக் கொண்டுவந்து இருதயராஜின் முன்னால் வைத்தார்கள். எல்லோரும் திரும்பி நின்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கே வந்து முதல் ஆளாக நின்று, ஒரு பேப்பர் குறைகிறது என்று ஜன்னலடியிலேயே காத்திருந்த தனசிங் இப்போது கடைசியில் நின்றார். இருதயராஜ் அவரிடம் நடந்துபோய்த் தன் குடையையும் மடக்கு ஸ்டூலையும் நீட்டினார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பொண்ணுக்கு சாதிச் சர்டிபிகேட் வாங்க."

"எந்தக் காலேஜ்?"

"எல்.கே.ஜி.ங்க."

"அப்ப நேரம் இருக்கு" என்றார் இருதயராஜ்.

தனசிங் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார்.