நாலாவது சக்கரம்

"சக்கரம் கழண்டு ஓடிட்டா வண்டிக்கு உடனே தெரியுமாப்பா?" என்று மகள் சின்ன வயதில் கேட்டாள். பட்டறை அடுப்பிலிருந்து கார் வீலை இறக்கிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "கொஞ்ச தூரம் தெரியாதும்மா. அப்புறம்தான் சாயும்."

இன்று அவன் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பீரோ சாவியைத் தேடிய அவன் மனைவி, கதவுக்குப் பின்னால் தொங்கிய, புடவைமேல் தான் போடும் பட்டறைச் சட்டையின் பைக்குள் கைவிட்டாள். விரல்களில் ஐந்து ரப்பர் அடைப்பான்கள் தட்டுப்பட்டன. எடுத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பெயின்ட் பவுடர் ஒட்டியிருக்கவில்லை.

அந்தக் கேள்வி அப்போதுதான் அவள் காதில் மறுபடி கேட்டது.

காரின் வீல்களில் பழைய பெயின்ட்டை உரிப்பது, மணல் பீய்ச்சித் தேய்ப்பது, பவுடர் அடித்து அடுப்பில் வேகவைப்பது எல்லாம் அவன் வேலை. அதற்கு முன் நட் உட்காரும் ஓட்டைகளை அடைப்பது அவள் வேலை. அடைக்காவிட்டால் அங்கேயும் பவுடர் படிந்து, வெந்து, தோல்போல ஒட்டிவிடும். தோலின் மேல் முடுக்கிய நட், ஓட ஓடத் தளரும்.

போன வாரம் பக்கத்து வீட்டு டிரைவரின் வீல்கள் வந்திருந்தன. மூன்றை அடைத்து முடித்து நாலாவதற்குக் கையில் எடுத்தபோது, "மூச்சு முட்டுதுடி, தண்ணி குடு" என்றான். அடைப்பான்களைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியவள், நாலாவதை மறந்தே போனாள். தண்ணீர் குடித்துவிட்டு, அவள் அடைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில், கண் இருட்ட இருட்ட அவன் பவுடர் அடித்திருக்கிறான். வண்டியில் மாட்டியது டயர்க்கடைக்காரர்கள்.

அதே வண்டியில்தான் டிரைவர் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போகச் சொல்லியும் போகாமல், கடைசிவரை வராந்தா பெஞ்சிலேயே கிடந்தார். இப்போது வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். மகளை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரவேண்டும்.

அவள் அடைப்பான்களை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கிளம்பறேன் தங்கச்சி. புள்ள தனியா நிக்கும்." அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "வீலக் குடுக்கறப்ப மாப்ள என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒன் வண்டிக்குப் புதுச் செருப்பு போட்டிருக்கேன், சேத்துல மிதிச்சே, பேச மாட்டேன்'னாரு."

சொல்லிவிட வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே. நேத்துலேருந்து பட்டினி."

"வேணாம்மா."

"எனக்காக."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குப் போனார். அவள் பட்டறைக்குப் போகும் பின்கதவைத் திறந்தாள்.

"இப்பவும் பட்டறைக்கா? என் தம்பி எழுந்து வந்து வேல சொல்லப் போறானா?" நாத்தனார் இரைந்தாள்.

"தோ வந்துட்டேன் அண்ணி."

வண்டி சந்தில் நின்றது. எது நாலாவது? ஸ்பேனரும் கத்தியுமாக மண்டியிட்டாள். முன்சக்கரங்கள் இரண்டிலும் நட்டுகள் அசையவில்லை. வலது பின்சக்கரமும் கெட்டிதான். இடது பின்சக்கரத்தின் முதல் நட், ஸ்பேனர் வைக்கும் முன்பே விரலுக்குச் சுழன்றது.

'கடவுளே, இவ்வளவு தூரம் நீதான் பிடிச்சிட்டு வந்திருக்கே.'

ஒரு நட்டைக் கழற்றி, பள்ளத்தில் படிந்த கறுப்புத் தோலைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் முடுக்கினாள். பிறகு அடுத்தது. அவசரத்தில் கத்தி வழுக்கியது. உள்ளே டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். கடைசி நட்டில் ஸ்பேனரை மாட்டி, உடம்பின் கனம் முழுவதையும் அதன் மேல் போட்டாள்.

டிரைவர் வந்தபோது சந்தில் யாரும் இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இடது பின்சக்கரம் ஆடாமல் சுற்றித் தெருமுனையில் மறைந்தது. அடைப்பான்களை அவற்றின் டப்பாவில் போட்டுவிட்டு வந்து கணவனின் காலருகே உட்கார்ந்தாள்.

"கையெல்லாம் என்ன கறுப்பு? போய்க் கழுவிட்டு வா" என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டும் அண்ணி. புள்ள வந்துடட்டும்."