விடுபட்ட நூல்

மேலைக்கடலில் கதிரவன் தாழ, மாட்டுங்காவின் பூக்கடைகளில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணந்து நிற்க, மின்தொடர்வண்டிகள் நிலையந்தோறும் மக்களை இறக்கிவிட்டு விரைய, தாராவியின் தோற்கூடங்களில் தையற்பொறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து அடங்கும் சனிக்கிழமை மாலை அது. அவ்வேளையில், கற்றறிந்த அன்பரே, கைப்பை தைக்கும் தொழிலாளியான வேல்ராஜ் நடைமேம்பாலத்தைக் கடந்து, மாட்டுங்காவின் தமிழ் நூலகத்துள் நுழைந்து, புதுவரவு அடுக்கின் முன் நின்றான். ஆறு திங்களாக இவ்வழக்கம் தவறியதில்லை.

நோயுற்றுப் படுக்கையில் கிடந்த மனைவி மாரிசெல்விக்காகவே இத்தனை நடையும். கதை என்றால் அவளுக்கு வேப்பங்காய். உலகில் உள்ளதை உள்ளபடி உரைக்கும் நூல்களே வேண்டும். எறும்பின் வாழ்வு, உப்பு விளையும் விதம், பாலங்கள் எழுந்த வரலாறு, வால்மீனின் போக்கு என்று அவன் கொணர்ந்தவற்றையெல்லாம் வரிவிடாமல் படித்து முடித்து, மறுவாரம் வேறொரு துறை கேட்பாள். வந்திருப்பது வெறும் வயிற்றுப்புண் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். கணையத்தில் புற்று, மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது என மருத்துவர் தன்னிடம் சொன்னதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்து, அது தெரிந்தால் அன்றே உடைந்துபோவாள் என்றஞ்சி, உடலைப் பற்றிய நூலொன்றும் அவள் கண்ணில் படாமல் காத்துவந்தான். தன்னைக் கெட்டிக்காரன் என்றே எண்ணிக்கொண்டான், பாவம்.

அன்றும் நூலகர் அனந்தகிருஷ்ணன் புதுநூல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மனுஷ உடம்பைப் பத்தினது. ரொம்ப நன்னா எழுதியிருக்கா."

"அது வேண்டாம் சார். அந்தக் கடலாமை புத்தகத்தைக் குடுங்க."

வீடு வந்ததும் மாரிசெல்வி அந்நூலை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, திறவாமலே மார்பின்மேல் வைத்துக்கொண்டு, மெலிந்த முகத்தில் சிறு நகை அரும்பக் கணவனை நோக்கினாள்.

"எறும்பு கொண்டாந்திய, பாலம் கொண்டாந்திய, வானத்து வால்மீனையும் கொண்டாந்திய. இத்தன மாசத்துல உடம்பைப் பத்தி மட்டும் ஒண்ணுகூட வரலியே. வெறும் வயித்துப்புண்ணுக்கு இம்புட்டு ஒளிப்பாவளா? எனக்கு மொத மாசத்துலயே தெரிஞ்சு போச்சு."

வேல்ராஜ் கட்டிலோரம் தரையில் அமர்ந்தான். "ஏம்ளா எங்கிட்டச் சொல்லல?" என்றான்.

"சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீயளேன்னுதான்."

அவன் கட்டிலின் விளிம்பில் முகம் புதைத்து அழுதான். அவள் அவன் தலைமேல் கைவைத்து, "உடம்பைப் பத்தின புத்தகத்தையும் கொண்டாங்க. என்னையக் கொல்லப் போறது என்னன்னு நானும் தெரிஞ்சுக்கணும்லா? ரெண்டு பேருமா வாசிப்போம்," என்றாள்.

மறுநாளே கொண்டுவந்தான். அவள் கண்கள் சோர்ந்தமையால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவனே நாளும் உரக்கப் படித்தான். தடுமாறிய இடங்களில் அவள் திருத்தினாள். எதிலும் ஒளிவுமறைவில்லை, அழுகை வந்தபோது அழுதார்கள், பழைய பேச்சு வந்தபோது சிரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை கொட்டிய விடியலில், பாதி படித்த நூல் தலைமாட்டில் கிடக்க, அவள் அடங்கினாள்.

நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற வேல்ராஜ் புதுவரவு அடுக்கின் முன் கால்கள் தாமே நிற்கக் கண்டு, யாருக்கென்று எடுப்பது எனத் திகைத்து, வெறுங்கையோடு படியிறங்கினான். அன்பரே, அன்பினால் மறைத்த உண்மையும் மறைத்தவரைத் தனியராக்கியே தீரும். ஒரே கூரையின்கீழ் அவ்விருவரும் தனித்தனியே அழுதது ஆறு திங்கள். சேர்ந்து அழுதது பதினொரு நாள்.