வகேஷோ பார்த்த யானை

எங்களுக்கு மிருகங்கள்மேல் அன்பு போதவில்லை என்று சொகுசு முகாம்காரர்களுக்கு வருத்தம். அதனால் வருஷத்தில் ஒரு நாள், வெள்ளைக்காரர்கள் வராத மாதமாகப் பார்த்து, வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களை ஜீப்பில் ஏற்றி சாவோ சரணாலயக் காட்டுக்குள் இலவசமாகக் கூட்டிப்போவார்கள். யானையைப் பார்க்க நாங்கள் ஜீப்பில் போக வேண்டுமா? அதுவே வீடு தேடி வந்து தின்றுவிட்டுப் போகிறது. மதியம் கோழிச் சாப்பாடு உண்டு என்றார்கள். அதற்காகத்தான் போனேன். வரமாட்டேன் என்ற பக்கத்து வீட்டு வகேஷோவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

போன அறுவடைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், அவள் புருஷன் கிரிகாவை அவர்கள் மக்காச்சோள வயலிலேயே ஒரு ஒற்றை யானை மிதித்துக் கொன்றுவிட்டது. காவல் பரண்மேலிருந்து அவள் அதைப் பார்த்தாள். திரும்பிப் போன யானையின் பின்புறம் அவள் கண்ணிலேயே தங்கிவிட்டது. மொட்டை வால், முனையில் ஒரு முடி கிடையாது. இடது காது பாதி கிழிந்திருந்தது.

இரண்டொரு நாளில், "உன் புருஷனைக் கொன்னதைச் சுட்டாச்சும்மா" என்று வனக் காவலர்கள் வந்து சொன்னார்கள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஊர் ஜனம் இறைச்சியை வெட்டி எடுத்துப் போயிருந்தது. வாலும் இல்லை, காதும் இல்லை. கிடந்த எலும்புக்கூட்டின்மேல் வகேஷோ காறித் துப்பினாள். அன்றைக்குத்தான் தூங்கினாள். அந்தத் தைரியத்தில்தான் இந்த வருஷமும் விதைத்தாள். பகலில் கற்றாழைத் தோட்டத்து வேலைக்குப் போவதால், ராத்திரிக் காவலுக்குப் பரணில் மகள் மலெம்பாவைப் படுக்கவைத்தாள்.

ஜீப் ஓட்டியவன் எங்கள் மலையடிவாரத்து ம்பேலா. முகாம் சட்டை போட்டதும் பேச்சே மாறிப்போயிருந்தது.

"பயப்படாதீங்கம்மா, யானை மனுஷங்க கிட்டயே வராது."

"அதை எங்க வீட்டுப் பூசணிக்காய்கிட்ட கேட்டுப் பாருடா" என்றேன். வண்டியே சிரித்தது. வகேஷோகூடக் கொஞ்சம் சிரித்தாள்.

தண்ணீர்க் குட்டையில் செம்மண் பூசிக்கொண்டு ஒரு பெரிய ஆண் யானை நின்றது.

"இவன்தான் பராக்கா" என்றான் ம்பேலா, சொந்த அண்ணனை அறிமுகப்படுத்துகிற பெருமையோடு. "வெளிநாட்டுலேருந்து இவனைப் பாக்கன்னே வர்றாங்க. படு சாது. எனக்கு நாலஞ்சு வருஷப் பழக்கம்."

பராக்கா என்றால் ஆசீர்வாதம். அது நிதானமாகக் குடித்து முடித்துத் திரும்பியது. வகேஷோ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"அக்கா, வாலைப் பாரு."

பார்த்தேன். காதையும் பார்த்தேன்.

அவள் கத்தவில்லை. "தம்பி, போன வருஷம் சுட்டாங்களே, அது எது?" என்று கேட்டாள்.

"அது ஏதோ ஒரு இளசும்மா. அன்னிக்கு வேலியோரமா நின்னுச்சு. ஊரே கொதிச்சுப்போய்க் கிடந்துச்சு, ஏதாவது ஒண்ணைச் சுட்டாகணும்னு..." என்றவன், கேட்பது யார் என்று அப்போதுதான் உறைக்க, வாயை மூடிக்கொண்டான்.

அவனை அறையலாம் போலிருந்தது. சுட்டவன் அவனில்லை என்று தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

கோழிச் சாப்பாடு வந்தது. வெட்கமில்லாமல் நான் தின்றேன். வகேஷோ தொடவில்லை. முகாம் அம்மாள் வந்து, இப்போது மிருகங்களைப் பிடித்திருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டாள். எல்லோரும் பிடித்திருக்கிறது என்றோம்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, "நாளைக்கே வன ஆபீசுல போய்ச் சொல்லுவோம்டி, அது உயிரோட இருக்குன்னு" என்றேன்.

"சொன்னா?"

"சுடுவாங்க."

"எதை?"



"அப்போ இந்த வருஷம் வயலை விட்டுடு" என்றேன்.

"இப்பத்தான் பால் பிடிச்சிருக்கு. விட்டுட்டு வீட்டுல உக்காந்து எதைக் களி கிண்டுறது?"

பொழுது சாய்கிற நேரத்தில் மலெம்பாவைப் பாயும் கையுமாக என் வீட்டுக்கு இழுத்து வந்தாள். இனி ராத்திரியில் மகள் இங்கேதான் படுப்பாளாம், பரண் காவலுக்குத் தாயே போவாளாம். அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பகல்ல வேலை, ராத்திரி காவலா? நீ எப்பம்மா தூங்குவே? நானே போறேன். அதுதான் செத்துப்போச்சே, அப்புறம் என்ன பயம்?"

"செத்துதான் போச்சு. நீ படிக்கணும், இங்கயே இரு" என்றாள் வகேஷோ.

பிறகு என்னை வாசல் தாண்டிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்:

"காலையில நான் வரலைன்னா, இவளைத் தேட அனுப்பாத அக்கா. நீ ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வா."

போடி பைத்தியக்காரி என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.