முப்பது நாள் அவகாசம்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. கேட்க வேண்டியவரிடம் கேட்கத் துணிவில்லாமல் கதையாக்கிவிட்டேன்.

2000-ஆம் ஆண்டில் ஒரு வார இதழில் ‘வாரம் ஒரு வலைத்தளம்’ என்ற பத்தியை எழுதிவந்தேன். வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டைக்கு சைக்கிளில் வந்து, ஹபீபுல்லா பாயின் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து புதுப்புதுத் தளங்களைத் தேடுவேன். உலக நகரங்களின் நேரத்தைக் காட்டும் தளம், நம் பெயரை எகிப்திய எழுத்தில் எழுதித் தரும் தளம். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி தெருவைக் கடந்தால் திரை நடுங்கும்.

(முதலில் “கடல் அன்று அமைதியாக” என்று ஆரம்பித்திருந்தேன். இந்தக் கதையில் கடலுக்கு ஒரு வேலையும் இல்லை.)

2

அப்படிக் கிடைத்ததுதான் குரல் அஞ்சல் தளம். மைக்கில் ஒரு நிமிடம் பேசினால் போதும். உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைக் கேட்கலாம். இலவசம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இனி கடிதம் வரும், அது என்றும் அழியாது’ என்று எழுதினேன். என்றும் அழியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாக்கியம் நன்றாக முடிய வேண்டியிருந்தது.

அதை நம்பியவர் காத்தூன் பீவி. அடுத்த தெருவில் தையல் வேலை செய்தவர், படிக்கத் தெரியாது. கணவர் யாசின் சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் கிரேன் உதவியாள். ஹபீபுல்லா பாய் என் பத்தியைக் காத்தூன் பீவிக்குப் படித்துக் காட்டி, தளத்தில் ஒரு கணக்கும் திறந்து கொடுத்தார். யாசின் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பேசிப் பதிவு செய்வார். சனிக்கிழமை காலை காத்தூன் பீவி இங்கே வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். சிரிப்பார். சில நாள் திரையைப் பார்த்துத் திட்டுவார்.

“இன்னொரு தபா போடு பாய். லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

லாரி எதுவும் போயிருக்காது.

3

நாற்பத்தொரு செய்திகள் வந்தபின், யாசின் தன் அறையில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். காத்தூன் பீவி இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டிலேயே இருப்பது. சென்டருக்கு அவரால் வர முடியாது. அந்தக் கணக்கை வேறு யாரும் திறக்கவில்லை.

இரண்டாவது மாதத்தில் என் சொந்தக் கணக்குக்கு அந்தத் தளத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. கம்பெனியை மூடுகிறார்கள். முப்பது நாளில் எல்லாப் பதிவுகளும் அழிக்கப்படும்.

அதைப் பத்தியில் எழுதலாமா என்று ஆசிரியர் பக்தவச்சலத்திடம் கேட்டேன். “மூடுற கடையைப் பத்தி எழுதினா யாருய்யா படிப்பா?” என்றார்.

[திருத்தம்: பக்தவச்சலம் அப்படிச் சொல்லவே இல்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. நல்ல மனிதர், கேட்டிருந்தால் எழுதச் சொல்லியிருப்பார். மூன்று வரைவுகளில் பழியை அவர்மேல் போட்டிருந்தேன்.]

எனக்குக் காத்தூன் பீவியின் நினைவே வரவில்லை.

[இதுவும் பொய். அறிவிப்பைப் படித்ததும் அவர் முகம்தான் வந்தது. பாயிடம் சொன்னால் அத்தனையையும் ஒரு கேசட்டில் பதிந்துவிடுவார். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வேறொரு தளம் கிடைத்தது: ஏதோ குளிர்நாட்டு ஏரி ஒன்றில் வாத்துகள் நீந்துவதைக் கேமராவில் காட்டியது. அதற்கு நாலரை நட்சத்திரம்.]

4

இத்தா முடிந்த மறுநாள் காலை காத்தூன் பீவி வந்தார். நான் இரண்டாவது கணினியில் இருந்தேன். பாய் முகவரியை அடித்தார். வெள்ளைத் திரை. மறுபடி அடித்தார்.

“இன்னா பாய், கரண்ட் கம்மியா?”

“இல்லம்மா… எழிலா, இங்க வா. இது இன்னான்னு பாரு.”

பார்க்கத் தேவையில்லை. “சர்வர் ரிப்பேர் அக்கா, அடுத்த வாரம் வந்துடும்” என்றேன். அவர் மூன்று சனிக்கிழமை வந்தார். நான்காவது சனிக்கிழமை சொல்லிவிட்டேன், அறிவிப்பு வந்ததையும் சேர்த்து. பாய் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.

காத்தூன் பீவி கத்தவில்லை. ஹெட்போன் ஒயரைச் சுற்றி மேசைமேல் வைத்தார்.

“மொத மொத சத்தம் சரியா கீதான்னு நீதான காதுல மாட்டிப் பாத்த?”

“ஆமாக்கா.”

“அவரு பேசினத கேட்டது நானும் நீயும்தான். உனக்கு இன்னா ஞாபகம் கீது? சொல்லு. வேற ஒரு வாயால ஒரு தபா கேட்டுக்கறேன்.”

அன்று நான் ஒலித் தெளிவைத்தான் கவனித்தேன், சொற்களை அல்ல. ஆனாலும் சொன்னேன்:

“‘காத்தூன், நான் நல்லா கீறேன். நீ நேரத்துக்கு சாப்புடு’ன்னு…”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை; அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

“அவரு ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டது இல்ல தம்பி.”

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. பத்தியை நான் அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாய் எப்போதோ ஒரு பதிவை ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்திருக்கிறார். இன்னொன்றில் காத்தூன் பீவி என்னை அறைகிறார். இரண்டும் எனக்கு வசதியானவை, கிழித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஒரு சொல். யாசின் தன் மனைவியை எப்படிக் கூப்பிடுவார் என்பது. நான் கேட்டேன், என் காதில் விழுந்தது, தங்கவில்லை. வாசகரே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சொல் தோன்றும். பொருத்தமாகவே இருக்கும். தயவுசெய்து அதை இங்கே வைத்துவிடாதீர்கள்.