குழல் வாயில் சந்தனம்

ஆயுதபூஜை வந்துவிட்டால் ஒரத்தநாட்டு ஆனந்தவல்லிக்குக் கை சும்மா இருக்காது. டிராக்டர், மருந்தடிக்கும் மிஷின், மிக்ஸி, அரிவாள்மணை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஏறும். இந்த வருஷம் மகள் கவிப்ரியாவின் ஏர் ரைபிளையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதாம். அதனால் திருச்சியில் நடக்கும் மாநிலத் துப்பாக்கி சுடும் அணித் தேர்வுக்கு முந்தைய நாள்தான் துப்பாக்கி அவள் கைக்கு வந்தது. இந்தத் தேர்வில் கோட்டை விட்டால் கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லியாயிற்று. அது தெருவுக்கே தெரியும்.

நெல்மூட்டைக் கொட்டகையில் அட்டையைத் தொங்கவிட்டு ஐந்து குண்டு சுட்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, மிச்சமெல்லாம் ஓரத்தில். ஓட்டைகளும் வட்டமாக இல்லை. இழுத்துக் கிழித்த மாதிரி நீண்டிருந்தன. குண்டு தள்ளாடிக்கொண்டே போயிருக்கிறது!

“ஆத்துக் காத்தும்மா,” என்றார் அப்பா ரெங்கசாமி.

“கொட்டகைக்குள்ள ஏதுப்பா காத்து?”

“எல்லாம் ஊர்க் கண்ணு,” என்று அம்மா உப்பு மிளகாயோடு வந்தாள்.

பக்கத்து வீட்டு ஜன்னத் பீவியின் தலை மதிலுக்கு மேல் முளைத்தது. “புள்ள ஒழுங்கா சாப்புடுறதில்ல. அதான் கை நடுங்குது.”

கவிப்ரியா துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போன் வெளிச்சத்தில் குழலின் வாயைப் பார்த்தாள். உள்விளிம்பில் ஒரு பக்கமாகச் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

“அம்மா! இதுக்குள்ளயா பொட்டு வெச்சே?”

“வாய்லதானேடி வெக்கணும்? மிக்ஸிக்கும் அப்படித்தான் வெச்சேன், அது ஓடலையா?”

கவிப்ரியா பல்லைக் கடித்தாள். “குழலுக்குள்ள திருகு திருகா வரி இருக்கும்மா. அதுல சுத்திக்கிட்டேதான் குண்டு வெளிய வரும். சுத்துற பம்பரம் சாயாம நிக்குதுல்ல, அது மாதிரி நேரா போவும். வெளிய வர்ற எடத்துல ஒரு பக்கம் மட்டும் அடைச்சிருந்தா, பின்னாடி வர்ற காத்து குண்டைக் கோணலா தள்ளிடும். அப்புறம் தள்ளாடாம என்ன செய்யும்?”

“ஒரு பொட்டுக்கு இத்தனை கதையா!”

அதற்குள் ரெங்கசாமி ஒரு குடைக்கம்பியோடு வந்து நின்றார். “ஒரே குத்து. வந்துரும்.”

“ஐயோ அப்பா! விளிம்புல ஒரு கீறல் விழுந்தாப் போச்சு! இதுக்குச் சந்தனமே தேவலாம்!” என்று கம்பியைப் பிடுங்கிக் கூரை மேல் வீசினாள்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, சந்தனத்தை மெல்ல மெல்ல ஊறவைத்து எடுத்து, துடைத்துக் காயவிட்டு, மறுபடி ஐந்து சுட்டாள். அட்டையின் நட்டநடுவில் ஒரே ஓட்டை, கொஞ்சம் அகலமாக. அன்றைக்கு அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனந்தவல்லி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் தொங்கிவிட்டது.

“அஞ்சு சுட்டியே, ஒண்ணுதானேடி பட்டிருக்கு?”

“அஞ்சும் அதே ஓட்டைக்குள்ளதாம்மா போயிருக்கு!”

“யார்கிட்ட கதை விடுற? மாடு கன்னு நிக்கிற எடம், மீதி நாலும் எங்க போச்சோ!”

“விடு ஆனந்தவல்லி,” என்றாள் மதில் மேலிருந்த ஜன்னத் பீவி. “முன்னாடி கண்டபடி போச்சு. இப்ப ஒண்ணாவது நடுவுல பட்டுச்சே.”

மறுநாள் விடிகாலை துப்பாக்கிப் பெட்டியோடு பஸ் ஏறப் போனபோது, வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் பால்காரர் வரை ஒருவர் விடாமல் அவளைத் தேற்றினார்கள். “கவலப்படாத கண்ணு, நாலு தப்புனா என்ன, ஒண்ணு பட்டுச்சுல்ல!”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்த கவிப்ரியா, பால்காரரின் இரக்கமான முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டியபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.