நாய்க்குப் பெயர் புது சோபா

திருமணப் பதிவாளர் அம்மாளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒரு கல்யாணத்தின் மேல்கூட மரியாதை வந்ததில்லை. பதினோரு மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று என்று வந்து நிற்பார்கள். உலகத்திலேயே முதன்முதலாகக் காதலித்தவர்கள் தாங்கள்தான் என்கிற முகம். உறுதிமொழியைக் கைபேசியைப் பார்த்து வாசிப்பார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் துண்டித்துவிட்டு, மறுபடி "என் உயிரே" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சட்டம் அவளுக்கு விட்டுவைத்தது இரண்டே கேள்விகள்: சம்மதமா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா. ஒரு நாயைக் கொடுப்பதற்கு அவள் முப்பத்தொரு கேள்வி கேட்பாள். வீட்டுக்கே போய்க் கழிவறை வரை பார்த்துவிட்டு வருவாள்.

நாய்கள் அந்தக் கல்யாணங்களிலிருந்துதான் வந்தன; ஜோடி சேர்ந்ததும் நாய் வேண்டாததாகிவிடும். பதிவாளர் அம்மா நாய் எடுத்துக்கொள்வாள் என்று ஊருக்கே தெரியும். நாயை ஒப்படைக்கிறவர்கள் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். அதில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார்களோ, அதையே நாய்க்குப் பெயராக வைத்துவிடுவாள். அவள் வீட்டில் இப்போது அலர்ஜி, டிரான்ஸ்ஃபர், புது சோபா என்று மூன்று இருந்தன. "டிரான்ஸ்ஃபர், சாப்பிட வா" என்று அவள் கத்துவது தெருவுக்குப் பழகிப்போயிருந்தது.

புது சோபா, இடது காது கிழிந்த, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி போட்ட பெட்டை. எட்டு மாதத்துக்கு முன் எவனோ ஒருவன் ஆபீஸ் காவலாளியிடம் நாயையும் படிவத்தையும் நீட்டிவிட்டு நழுவியிருந்தான். உரிமையாளர் யாரும் இல்லை, தெருவில் கிடந்தது, புது சோபாவைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தான். மற்ற இரண்டையும் தகுதியான ஆள் கேட்டால் கொடுத்துவிடுவாள். இதை யாராவது கேட்டால் முப்பத்திரண்டாவதாக ஒரு கேள்வி முளைத்துவிடும். ராத்திரி அவள் பாதத்தின் மேல் தலையை வைத்தால்தான் அது தூங்கும். நாலே வருடத்தில் முடிந்துபோன அவளுடைய சொந்தக் கல்யாணத்தில்கூட அவள் காலடி அவ்வளவு கதகதப்பாக இருந்ததில்லை.

அது வந்த மூன்றாவது வாரம் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஒரு சுவரொட்டி. காணவில்லை, பெயர் மிளகு, இடது காது கிழிந்திருக்கும், கீழே ஒரு பெண்ணின் தொலைபேசி எண். பதிவாளர் அம்மா இரண்டு நாள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். நாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவளுக்கு நாய் ஒரு கேடா என்று நினைத்தாள். மூன்றாம் நாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்குப் பதினோரு மணி மாப்பிள்ளையின் விண்ணப்பத்தைக் காலையில் புரட்டியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்தை அவள் மறக்கவே மாட்டாள். வால் நீண்டு, கீழே இரண்டு புள்ளி. அதே கையெழுத்து கீழ் இழுப்பறையில், நாய்ப் படிவத்தில் இருந்தது.

இருந்தால் இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் நாய் போய்விடும். அவன் கைபேசியைப் பார்த்து, "உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்" என்று வாசித்தான். இந்த மாதிரி ஆயிரம் கேட்டவள், கொட்டாவியை விழுங்கிக்கொண்டாள்.

மணப்பெண் பேனாவை எடுத்தவள் நிறுத்தி, சாவிக்கொத்தில் தொங்கிய படத்தை மேசைமேல் வைத்தாள். புள்ளி உடம்பு, கிழிந்த காது.

"இன்னிக்கு இவளும் இருந்திருக்கணும் மேடம். நான் வேலை விஷயமா வெளியூர் போயிருந்தப்ப ஓடிப் போயிட்டா."

மாப்பிள்ளை அவள் முதுகைத் தடவினான். "விடுமா. நான் தேடாத இடமா? மூணு ராத்திரி அலைஞ்சேன்ல."

பொய்யைப் பதிவாளர் அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள், அது அவள் தினசரி வேலை. அந்தத் தடவலைத்தான் பொறுக்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து, விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"கையெழுத்து ஒத்துப் பாக்கணும். ரெண்டும் உங்களோடதுதானே சார்?"

அவன் முகம் செத்துவிட்டது. மணப்பெண் படிவத்தை வரிவரியாகப் படித்தாள்.

"நாம ரெண்டு பேரும் போய் வாங்கினோமே, அந்த சோபாவா?" என்று கேட்டாள்.

அவன் ஏதோ அம்மா, அலர்ஜி என்று இழுத்தான். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

பதிவாளர் அம்மாளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் உருப்படியாக ஒரு கல்யாணம் நடத்தியிருக்கிறோம் என்று தோன்றியது. அந்தக் குளிர்ச்சி, மணப்பெண் படிவத்தில் இருந்த தேதியைக் கவனிக்கும் வரைதான்.

"எட்டு மாசமா இவ உங்ககிட்டயா இருக்கா? உங்க வீடு எங்க மேடம்?"

தெருப் பெயரைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தத் தெருமுனையிலயும் ஒட்டினேனே. மூணே நாள்ல யாரோ கிழிச்சிட்டாங்க."

வாயடைத்து நின்ற மாப்பிள்ளைகளைப் பதிவாளர் அம்மா எத்தனையோ பார்த்திருக்கிறாள். அந்த முகம் தனக்கும் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் மணப்பெண் கல்யாணப் புடவையோடேயே வீட்டுக்கு வந்தாள். "மிளகு" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். நாய் ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்து அவள்மேல் ஏறி, புடவையைக் கிழித்து, தரையெல்லாம் நனைத்துவிட்டது. முப்பத்தொரு கேள்வியில் ஒன்றுகூடப் பதிவாளர் அம்மாளின் வாயில் வரவில்லை.

வாசலில் மணப்பெண் திரும்பினாள்.

"அவனாவது சோபாவுக்காகச் செஞ்சான். நீங்க எதுக்குங்க செஞ்சீங்க?"

"எனக்குப் பிடிச்சுப் போச்சும்மா."

"அவனும் என்னைப் பத்தி அதையேதான் சொல்லிட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். நாய் முன்னால் ஓடியது, திரும்பிப் பார்க்கவில்லை.